புளி போட்டுத் துலக்கிய பந்து

அன்று அந்தக் கராஜில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் டாரதி ஆன்ட்டி, பழம்பொருள் வாங்க பிளசன்டனிலிருந்து வந்த ஒரு பெரியவர், பக்கத்து அறையில் குடியிருந்த மதுரைக்காரத் தம்பி செந்தில், அப்புறம் நான். ஐந்தாவதாக ஆன்ட்டியின் அப்பா வால்டரையும் சொல்லலாம். ஆனால் அவர் போட்டோவில்தான் இருந்தார், நெற்றியில் சந்தனப் பொட்டோடு. பொட்டு வைத்தது நான். யாராவது விசாரித்தால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று இந்தப் பட்டியலை இத்தனை வருஷமாக மனதுக்குள் ஒப்பித்து வருகிறேன். இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

போன சனிக்கிழமை என் மகள் விளையாடும் பேஸ்பால் மேட்சுக்குப் போயிருந்தேன். பந்து எறியப் போன பெண் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டாள். நடுவர் உடனே வந்து பந்தை வாங்கித் துடைத்தார். "எச்சி படக் கூடாதாம்மா?" என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, தட்ஸ் சோ க்ராஸ்," என்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கோ புளி வாசனை அடித்தது. மைதானத்தில் புளி ஏது? அது என் தலைக்குள்ளேயே இருக்கிற வாசனை.

நான் கோபிப் பக்கம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. சான்டா கிளாராவில் ஒரு ஓட்டலுக்குச் சமையல்காரனாக வந்து, சான் ஹோசேயில் டாரதி ஆன்ட்டி வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். பயம்தான் அப்போது எனக்கு முழுநேர வேலை, சமையல் பகுதிநேரம். கடுகு தாளித்தால் அலாரம் அடிக்குமா, அலாரம் அடித்தால் போலீஸ் வருமா, போலீஸ் வந்தால் கிரீன் கார்டு போய்விடுமா என்று ஒரு கரண்டி கடுகில் ஆரம்பித்து மீனம்பாக்கம் வரை போய் இறங்கிவிடுவேன்.

என் அறைக் கூரை ஒழுகும். நவம்பர் மழைக்குள் கூரையை மாற்றிவிடுவதாக ஆன்ட்டி சொல்லியிருந்தார். அதற்கான பணம் அவர் அப்பாவின் பந்தில் இருந்தது. ஆன்ட்டி பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதியைச் செந்தில் சொல்வான்.

"அண்ணே, இவங்கப்பா பேஸ்பால்ல பந்து எறிஞ்சு பொழச்சவராம். எறியறதுக்கு முன்னாடி பந்துல எச்சி துப்புவாராம். அந்த எச்சிக்குத்தான் சம்பளமாம்."

"எச்சிக்கு எதுக்குப்பா சம்பளம்?"

"எச்சி பட்டா எந்தப் பக்கம் திரும்பணும்னு பந்துக்கே தெரியாதாம்ணே. அடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

வால்டர் ஏதோ ஒரு மரப்பட்டையை மெல்லுவாராம். எச்சில் வழுவழுவென்று ஊறும். பதினோரு வருஷம் அப்படித் துப்பிக் குடும்பம் நடத்தியிருக்கிறார். பிறகு துப்பக் கூடாது என்று சட்டம் வந்தது. பெரிய டீம்களில் ஏற்கெனவே துப்பிக்கொண்டிருந்த சிலருக்கு மட்டும், ஓய்வு பெறும்வரை துப்பிக்கொள்ளலாம் என்று சலுகை. வால்டர் சின்ன ஊர் டீம். பட்டியலில் பெயர் இல்லை. உலர்ந்த கையோடு இரண்டு மேட்ச் எறிந்து பார்த்தார், எதிராளிகள் விளாசிவிட்டார்கள். டீம் அவரை அனுப்பியது. கடைசிச் சம்பளம் இருபத்திரண்டரை டாலரைக் கொடுக்காமல் டீமே கலைந்தும் போயிற்று. அவர் இங்கே பிளம்ஸ் உலர்த்தும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பாக்கியைக் கேட்டு டாரதி ஆன்ட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழைய விலாசத்துக்குக் கடிதம் போடுவார். அது திரும்பி வரும். கட்டி வைப்பார்.

சட்டப்படி கடைசியாகத் துப்பிய பந்தை வால்டர் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். பழுப்பாக, பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். அதற்குத்தான் பிளசன்டன்காரர் நாலாயிரம் டாலர் பேசியிருந்தார். விஜயதசமியன்று வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. விஜயதசமி என்பது எங்கள் கணக்கு. அவருக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

முதல் நாள் கராஜில் ஆயுத பூஜை. என் கத்திகள், செந்திலின் லேப்டாப், ஆன்ட்டியின் புல்வெட்டி மிஷின். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஆன்ட்டி உள்ளே போய் போட்டோவையும் பந்தையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் அப்பாவின் ஆயுதமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போனதும் வழக்கம்போலக் கவலை தொடங்கியது. எச்சில் பட்ட சாமானை எப்படி சரஸ்வதி முன்னால் வைப்பது? அதுவும் பதினோரு வருஷ எச்சில். பக்கத்தில் குத்துவிளக்கு துலக்கக் கரைத்த புளி இருந்தது. விளக்கோடு பந்தையும் துலக்கினேன். பிறகு பாத்திர சோப்பு. பழுப்பெல்லாம் போய்ப் பந்து கோழிமுட்டை மாதிரி வெளுத்தது. மூன்று பொட்டு வைத்தேன். இவ்வளவு சுத்தமாக அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் பெரியவர் லென்ஸை எடுத்துப் பந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். செந்தில் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, கழுவினீங்களா?"

"எச்சிப்பா அது."

"அந்த எச்சிதாண்ணே நாலாயிரம் டாலர்."

வந்தவருக்குத் தாம்பூலமாவது கொடுக்கலாம் என்று தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. டாரதி ஆன்ட்டி வாங்கினார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்து, பாக்கோடு நிதானமாக மென்றார். பிறகு பந்தை எடுத்து, அதன்மேல் துப்பினார். ஆன்ட்டி ஏதோ சொன்னார்.

"இவங்க அவரோட பொண்ணாம்ணே. எச்சி குடும்பத்தை விட்டு எங்கயும் போயிடலையாம்."

பெரியவர் லென்ஸில் மறுபடி பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். பிறகு லென்ஸைத் தன் பெட்டியில் வைத்து மூடினார்.

"சிவப்பா இருக்காம்ணே. பழுப்பா இருக்கணுமாம்."

அந்த மழைக்காலம் முழுக்க, ஓட்டலிலிருந்து கொண்டுவந்து தைத்த பாசுமதி அரிசிச் சாக்குகள்தான் எங்கள் கூரை. அப்படியும் என் அறையில் ஏழு பாத்திரம் வைத்தேன். சம்பளம் வந்ததும் நூறு டாலரை முதல் தவணையாக ஆன்ட்டியிடம் நீட்டினேன். அவர் அந்தக் கடிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மொதல்ல டீம் அவங்கப்பாவுக்குக் குடுக்கட்டுமாம்," என்றான் செந்தில். "வரிசையில நீங்க ரெண்டாவதாம்ணே."

மாதாமாதம் நீட்டினேன். மாதாமாதம் அதே கட்டு.

ஐந்தாவது மழைக்கு ஆன்ட்டி இல்லை. சவப்பெட்டியில் அவர் கையில் அந்தப் பந்து இருந்தது, சிவப்புக் கறையோடு. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கராஜ் இருந்த இடத்தில் கார்கள் கரண்ட் ஏற்றிக்கொள்கின்றன. பிளம்ஸ் கொட்டகை எங்கே இருந்தது என்று காட்டக்கூட ஆள் இல்லை. செந்தில் டெக்சஸுக்குப் போய்விட்டான். போனில், "அண்ணே, இன்னுமா அதையே நெனச்சுட்டிருக்கீங்க?" என்பான். டீமுக்குப் பதிலாக நானே அந்தச் சம்பளத்தைக் கட்டிவிட்டால் என் முறை வந்துவிடுமே என்றும் யோசித்தாகிவிட்டது. கட்ட இடம் இல்லை.

என் பாக்கி நாலாயிரம் டாலர். அதற்கு முன்னால், வரிசைப்படி, இருபத்திரண்டரை டாலர்.