தண்ணிக் கல்லுக்கு நம்பர் கிடையாது

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி... ஒரு கதை சொல்கிறேன். கதை என்று வாய் தவறி வந்துவிட்டது. இது நடந்தது. பட்டவள் பெயர் ஏஞ்சல். மானாம்பதிப் பக்கம் காலனியில் இன்றைக்கும் இருக்கிறாள். இருட்டினால்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இது மண்டை பிளக்கிற வெயிலில் நடந்தது.

உத்திரமேரூர்ச் சாலையை அகலப்படுத்தச் சிவப்புக் கோடு போட்டார்கள். பழைய சத்திரம் ஒன்று கோட்டுக்குள் மாட்டிக்கொண்டது. கட்டினவர் வம்சத்து வெங்கடேசன் ஓடியாடி, இடிக்காமல் இடம் மாற்ற உத்தரவு வாங்கிவிட்டார். கல் கல்லாகப் பிரித்து, ஏரிக்கரையோரம் அதே மாதிரி திரும்பக் கட்ட வேண்டும். அதற்காக ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளைப் பெயின்டில் நம்பர். முன்சுவர் என்றால் ‘மு’, பின்சுவர் என்றால் ‘பி’. நம்பர் உள்ள கல் புது இடத்துக்குப் போகும். நம்பர் இல்லாத கல் ஜல்லியாக உடைந்து ரோட்டுக்குப் போகும். நம்பர் எழுதுகிற வேலை ஏஞ்சலுக்கு.

பின்சுவரில் ஒரு கல். உள்பக்கம் கிண்ணம் போலக் குழிவு. அங்கிருந்து சுவருக்குக் குறுக்கே ஒரு துளை வெளியே சரிந்து இறங்கும். இடுப்பு உயரம்தான். அந்தக் காலத்தில் மற்றவர்கள் முன்வாசலில் சொம்பில் குடிப்பார்கள். காலனிக்காரர்கள் பின்னால் வந்து கல்லைத் தட்ட வேண்டும். உள்ளே ஊற்றுவார்கள், வெளியே குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும். ஊற்றுகிறவர் குடிக்கிற முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஊரில் அதற்குத் தண்ணிக் கல் என்று பெயர்.

போன வருடம் மே மாதம், செவ்வாய்க்கிழமை. காலை பத்தரைக்கு வெங்கடேசன் வந்தார்.

“ஏம்மா, இந்தக் கல்லுக்கு நம்பர் போடாத.”

“ஏன் சார்? இதுவும் சத்திரந்தான?”

“உனக்கு இன்னா சொன்னனோ அத்த செய். பாக்க வர்றவன் கண்டதையும் கேட்டுக்கினு இருப்பான்.”

ஏஞ்சலுக்கு நெஞ்சு எரிந்தது. கல் போய்விட்டால் தர்மம் மட்டும் நிற்கும். எப்படித் தர்மம் செய்தார்கள் என்பது ஜல்லியாகிவிடும். மேஸ்திரி மோகன்குமாரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளும் அந்தக் கல்லைத் தாண்டி அடுத்த கல்லுக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் புளியமரத்தடியில் சோற்றுக்குப் போனார்கள். இரண்டு மணிக்குப் பின்சுவரைப் பிரிக்க வேண்டும். ஏஞ்சல் மட்டும் உள்ளே மிச்ச நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி 12.07. செல்போனில் பார்த்திருக்கிறாள்.

டக்... டக்...

வெளியிலிருந்து கல்லில் யாரோ தட்டுகிற சத்தம்.

“யாரு? சசியாடி?”

கூட வேலை செய்யும் சசிரேகாவோ என்று கேட்டாள். துளை வழியே வந்துகொண்டிருந்த வெளிச்சம் சட்டென்று மறைந்தது. வழிப்போக்கர் யாரோ தாகத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். யோசிக்கக்கூட இல்லை. தன் பாட்டிலைத் திறந்து குழியில் ஊற்றினாள்.

மடக்... மடக்... மடக்...

ஒரு சொட்டுகூடத் தரையில் விழுகிற சத்தம் இல்லை. பாட்டில் தீர்ந்தது.

டக்... டக்...

மூலையில் வேலையாட்களுக்கு வைத்த குடம் நிறையத் தண்ணீர். தூக்கி வந்து சாய்த்தாள். மடக்... மடக்... நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. மனுசர் அப்படிக் குடிக்க முடியாது. ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை.

குடம் காலியானது.

துளைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். காய்ந்த குரல்.

“புள்ளைக்குச் சாமி... புள்ளைக்குக் கொஞ்சம்...”

சாமி! அவளைச் சாமி என்று கூப்பிடுகிறது!

“நான் சாமியில்லம்மா... நான் காலனி... ஏஞ்சலு...”

“புள்ளைக்குச் சாமி...”

“தண்ணி தீந்துபோச்சிம்மா!”

குடத்தைக் கீழே போட்டாள்.

பிறகு தட்டுகிற சத்தம் மறுபடியும் வந்தது. இந்த முறை கீழே... முழங்கால் உயரத்தில். மெதுவாக.

டக்...

ஏஞ்சல் வெளியே ஓடினாள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

யாரும் இல்லை.

கல்லடியில் புழுதி. ஈரமே இல்லை. இரண்டு முழங்கால் பதிந்த தடம் மட்டும்.

சுவர் அவள் கண்முன்னால்தான் இருக்கிறது. அதில் யார் கையும் இல்லை.

டக்...

மணி 12.31.

புளியமரத்தடிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சசிரேகாதான் பிடித்து உட்கார வைத்தாள். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சத்தம் ஒன்றும் இல்லை. காலிக் குடம் உருண்டு கிடந்தது.

“ஒரு கொடம் தண்ணியயும் நீ ஒருத்தியே குடிச்சியா? ஒட்டகமாடி நீ?” என்றாள் சசிரேகா. ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏஞ்சல் எழுந்தாள். பிரஷ்ஷை எடுத்தாள். தண்ணிக் கல்லில் ‘பி 37’ என்று பெரிதாக எழுதினாள். மோகன்குமார் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு போட்டோ எடுத்து, உத்தரவு கொடுத்த ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். இனி அந்தக் கல்லை யாரும் ஒளிக்க முடியாது.

மறுநாளே ஏஞ்சலுக்கு வேலை போனது. போகட்டும், கல் போய்ச் சேர்ந்ததே என்றிருந்தாள்.

தை மாதம் புதுச் சத்திரத்துக்குத் திறப்பு விழா. ஏஞ்சலும் போனாள். நேராகப் பின்பக்கம்தான் போனாள். பி 37 இருந்தது, அதே இடத்தில். உள்ளும் வெளியும் துளையைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். கல்லுக்கு மேலே பளபளவென்று ஒரு கருங்கல் பலகை: ‘சாதி பேதமின்றி அனைவரின் தாகமும் தீர்த்த சத்திரம்.’

பின்னால் ஒரு நாற்காலியில் ஆண்டாளம்மாள் உட்கார்ந்திருந்தார். வெங்கடேசனின் அத்தை. எண்பத்து நான்கு வயது. கையசைத்துக் கூப்பிட்டார்.

“நீதான ஏஞ்சலு? கொடம் தண்ணி ஊத்துனவ?”

“ஆமாம்மா.”

“அப்ப எனக்கு ஒம்போது வயசு. உள்ள சொம்பு வெச்சிக்கினு நாந்தான் நின்னேன். ஒங்காளுங்க அறுப்புக்கு வரமாட்டோம்னு நின்ன வாரம் அது. யாரு வந்து தட்டுனாலும் ஊத்தக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. ஒருத்தி தத்தி நடக்குற கொழந்தையோட வந்தா. சாமி சாமின்னா. கொஞ்ச நேரத்துல அவ கொரலு நின்னுபோச்சி.”

கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்பறம் தட்டிக்கினே இருந்தது அவ இல்லம்மா... அந்தக் கொழந்த. மூணு மணி வரைக்கும்...”

ஏஞ்சல் திரும்பி, அடைத்த கல்லைப் பார்த்தாள். இந்த முறை அவள் கையில் தண்ணீர் இருந்தது. பாட்டில் நிறைய இருந்தது.

ஊற்றத்தான் வழி இல்லை.

போங்க, கண்ணுங்களா, பத்திரமா வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்க ஒரு நாளும் நாக்கு வறண்டு அழாம இருக்கட்டும். உங்க வாசல் யாரையும் பின்பக்கம் அனுப்பாத வாசலா இருக்கட்டும். குடும்பம் குளிர்ந்து, நூறு வருசம் நல்லா இருக்கட்டும்.