நாலு நாள் மேகம்

கூரைகளில் சோலார் பேனல் மாட்டும் அந்த எலக்ட்ரீஷியனுக்குத் தொழில் வட்டாரத்தில் ‘முழுவெயில்’ என்று பெயர். மாட்டிய கையோடு வேலை முடிந்ததாக எழுதிக் கொடுத்துவிட மாட்டார். காலை முதல் சாயங்காலம் வரை ஒரு முழு நாள் வெயிலில் மீட்டர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். அவர் கையெழுத்துப் போட்ட கூரையில் யாரும் குறை சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அவருடைய அக்கா இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் துணியைக் கொடுத்து, அன்றைக்கே வாங்கிக்கொண்டு போவார்கள். பகலில் கூரை தரும் மின்சாரத்தைக் மின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, இருட்டிய பிறகு அதே அளவு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பேனல் மாட்ட அவளைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான்.

அந்த நேரம் பார்த்துச் சட்டசபையில் புதுச் சட்டம் வந்தது. மாதக் கடைசிக்குள் வேலை முடிந்த சான்றைக் கொடுத்தவர்களுக்குப் பழையபடி யூனிட்டுக்கு யூனிட். பிந்தியவர்களுக்கு மூன்று கொடுத்தால் ஒன்றுதான் திரும்பும்.

அக்கா கடையில் கடைசித் திருகை முடுக்கியபோது நாலு நாள் மிச்சமிருந்தது.

“கையெழுத்தப் போட்டுக் குடுத்துடேன்டா.”

“வெயில் வரட்டும்க்கா. ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?”

“ஆமா, பெரிய நீதிபதி இவரு!”

நாலு நாளும் வானம் மூடியே கிடந்தது. ஒன்றாம் தேதி கண் கூசும் வெயில். அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நண்பகலில் கடைக்குப் போனார். தகரக் கூரை அனலாய்க் காய்ந்தது. கழுத்தில் ஈரத்துண்டோடு, முந்தின நாள் வந்த துணிகளைக் கூரை மின்சாரத்திலேயே அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி மறுநாள்தான் கிடைக்கும் என்றதும் பாதிப் பேர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அலமாரியில் இரண்டு தட்டு காலியாக இருந்தது.

“முன்ன மாதிரி சாயங்காலமே தேய்க்கலாமேக்கா. இந்த வெக்கையில...”

“சாயங்காலம் தேய்ச்சா வர்ற பில்ல யாரு, உன் மாமனாரா கட்டுவாரு?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்குப் பூரா ஏணியும் மீட்டருமா நின்னியே, ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா?”

“இல்லக்கா. எல்லாம் மாட்டின அன்னிக்கே சரியாத்தான் இருந்திருக்கு.”

அக்கா அடுத்த சட்டையை விரித்தாள். அவள் கழுத்துத் துண்டு காய்ந்திருந்தது. அவர் அதை எடுத்து நனைத்து, திரும்பப் போட்டுவிட்டார்.

“இன்னும் நல்லாப் பிழிடா,” என்றாள் அக்கா. “சட்டையில சொட்டுது.”