வாசிக்காமல் வைத்த கையெழுத்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். அந்தக் கோபத்தோடு நாவற்குடாவிலிருந்து அவரையும் இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய், நானே மூக்குடைபட்ட கதை இது.

யுத்தம் முடிந்து சில மாதங்கள். அண்ணன் வாவியில் மீன் பிடிப்பவர். ஒரு காலை வலையோடு திரும்பும்போது, சோதனைச் சாவடியில் நின்ற பொலிஸ்காரர் அவருடைய அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு வந்து எடுக்கச் சொன்னாராம். அண்ணன் மூன்று நாள் போனார். மூன்றாம் நாள் அதே ஆள், "எந்த அட்டை?" என்று கேட்டாராம்.

அட்டை இல்லாமல் தோணி இறக்க முடியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

"என்ர அட்டை அவன்ர கையில கிடக்கு. எந்தத் துவக்கு, குண்டோட சேத்து வைச்சுக் காட்டுவானோ, ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிச் சொல்லி அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்படி ஒரு காரணத்துக்காகக் கூட்டிப் போகப்பட்டுத் திரும்பாதவர்களை எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் ஆசிரியை என்று தெரிந்து, பொலிஸ் நிலைய முறைப்பாட்டு மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சொல்லுங்க ரீச்சர்" என்றார் அரைகுறைத் தமிழில். சாவடி, நேரம், அண்ணன் மனப்பாடமாக வைத்திருந்த அந்த ஆளின் தோள் இலக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிங்களத்தில் எழுதினார். நான் பேசியது பத்து நிமிடம். அவர் எழுதியது நாலே வரி. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தைத் திருப்பி இடத்தைக் காட்டினார். அண்ணன் கையெழுத்து வைத்தார், சாட்சியாக நானும் வைத்தேன்.

எல்லாம் பழக்கதோஷம். அண்ணனின் முதல் அட்டையைச் சுனாமி கொண்டுபோனபோதும் இங்கேதான் வந்து என்றி, அதாவது முறைப்பாட்டுப் பதிவு, போட்டோம். ஊரே வரிசையில் நின்றது. எழுதியதை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காட்டிய இடத்தில் வைத்தோம், அட்டை வந்தது.

இந்த முறையும் புது அட்டைக்காக, நாலு வரியில் எழுதிய அந்த என்றியின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்தோம். சிங்களம் தெரிந்த எழுதுவினைஞர் வாசித்துப் பார்த்தார்.

"சந்தையில துலைஞ்சு போனதெண்டு கிடக்கு, ரீச்சர்."

"பொலிஸ்காரர் எடுத்ததெண்டு?"

"அப்பிடி ஒண்டும் இல்லையே."

நேரே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பினேன். அன்று தமிழ் அதிகாரி ஒருவர் இருந்தார். புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்.

"இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"வாசிக்காமலா வைச்சீங்க?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வினாத்தாளை வாசிக்காமல் விடை எழுதும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி ஏசுகிறவள் நான்.

"விடுகா, புது அட்டை வரும்தானே" என்றார் அண்ணன் வீட்டில்.

"அப்ப பழையது?"



அன்று மாலை கொப்பித் தாளில் நடந்ததைத் தமிழில் எழுதினேன். எழுதியதை அண்ணனுக்கு உரக்க வாசித்தேன். "வாங்கினார் எண்டு எழுதாத. பறிச்சார் எண்டு எழுது" என்றார். திருத்தினேன். பிறகுதான் இருவரும் கையெழுத்து வைத்தோம். பொலிஸ் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இன்றுவரை பதில் இல்லை.

அந்தப் பொய் என்றியை வைத்தே புது அட்டை வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டார். அதன் பின்னால் தபால் கந்தோர் தந்த பற்றுச்சீட்டையும் மடித்து வைத்தார்.

"இது என்னத்துக்கு?"

"பழையதை எங்கயும் கண்டெடுத்தம் எண்டு வந்தா, நாங்க அப்பவே சொன்னதெண்டு காட்டத்தான்."

சாவடிகளை எடுத்துப் பல வருடங்களாகிவிட்டன. போன மாதம் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது அட்டையை எடுத்தேன். பற்றுச்சீட்டு பின்னால் அப்படியே இருந்தது. மை முழுதும் அழிந்து வெறும் தாளாகியிருந்தது. அதை மடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.