மகளின் கம்ப்யூட்டரில் நான் போட்ட லினக்ஸ்

போன சனிக்கிழமை ஒரு கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டேன். நானே... தனியாக! ஐம்பது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

மகள் கல்லூரியில் கடைசி வருடம். பார்ட் பார்ட்டாக வாங்கி, எங்கள் ராஜபாளையத்து வீட்டு ஹாலில் பேப்பரை விரித்து அவளே மாட்டிய டெஸ்க்டாப் அது. மதர்போர்டு மதுரையிலிருந்து, கேபினெட் கூரியரில். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல வெளிச்சத்தோடு சுற்றும் ஃபேன் — எங்கள் பூஜை அறைகூட அவ்வளவு அழகில்லை.

அன்று காலை அது கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. மாலை நான்கு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் கோடிங் டெஸ்ட். அதில் தேறினால்தான் இன்டர்வியூ, வேலை எல்லாம். போனில் எழுத முடியாது.

“பழைய சிஸ்டத்துக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருவோம்மா. அரை மணி நேர வேலை,” என்று பென் டிரைவைச் செருகினாள். ஃபைல்களை ஏற்கெனவே தனி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தாள். முதல் திரை வருவதற்குள் என் கணவர் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

“டெஸ்ட் அன்னிக்கு ஆண்டாளைப் பாக்காம இருப்பாகளா? ஸ்ரீவில்லிபுத்தூர் எம்புட்டுத் தூரம்? ஏறு தாயி.”

“ம்மா, நான் வந்து பாத்துக்கிறேன். எதையும் தொட்டுராத,” என்று கிளம்பினாள்.

தொடாமல் இருக்க முடியுமா? கோயிலில் கூட்டம் இருந்தால்? பைக் பஞ்சர் ஆனால்? நான்கு மணிக்குள் வந்து சேராவிட்டால்? பாதி வேலையை முடித்து வைத்தாலும் உதவிதானே...

மவுஸைப் பிடித்தேன். எந்த மொழி என்று கேட்டது. பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால் — ‘தமிழ்’! கீபோர்டுக்கும் தமிழையே தேர்ந்தெடுத்தேன். டிஸ்க்கை அழிக்கலாமா என்றது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. தட்டத் தட்ட, எழுத்துக்குப் பதில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பிறகு ஒரு கோடு ஊர்ந்தது... ஊர்ந்தது... முடிந்தது.

மறுபடி ஆன் ஆக, பழைய சிஸ்டம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. உட்கார முடியாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்தேன்.

திரும்பி வந்து பாஸ்வேர்டைத் தட்டினேன். தவறு என்றது. நிதானமாகத் தட்டினேன். தவறு. பத்தாவது தடவை வியர்த்துவிட்டது.

போன் செய்தால் இருவருமே எடுக்கவில்லை. கோயிலுக்குள் போன் கூடாது என்பது அவர் சட்டம். இரண்டும் பைக் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மகளின் டெஸ்ட் போய், வேலை போய், அவள் என்னோடு பேசுவதையே நிறுத்தி... எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

ஒருவழியாக அவளே கூப்பிட்டாள். “என்னம்மா, பதினேழு மிஸ்டு கால்?”

சொன்னேன். பாதி அழுகையோடு.

“தொடாதன்னேன்ல...” பஸ் ஹாரனுக்கு நடுவே கேட்டாள். “கீபோர்டு எது வச்ச?”

“தமிழ்.”

சிரித்துவிட்டாள். “பாஸ்வேர்டு வைக்கும்போது தமிழ் கீபோர்டு. இப்ப இங்கிலீஷ்ல நிக்குது. எப்படித் திறக்கும்? மூலையில கீபோர்டு படம் தெரியுதா? அதைத் தமிழுக்கு மாத்து. பொறவு அடி.”

மாற்றினேன். அடித்தேன். திறந்தது!

போனில் அவளுக்குப் பின்னால் அவர் குரல்: “உங்கம்மா என்னத்த உடைச்சா?”

“ஒண்ணும் உடைக்கலப்பா. அம்மாவே முழுசாப் போட்டு முடிச்சிருச்சு.”

அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு பட்டமே தரலாம்.

நான்கு மணிக்கு உட்கார்ந்தாள், ஆறு மணிக்கு எழுந்தாள். இடையில் ஒரு தடவைகூடத் திணறவில்லை — அவளும் சரி, கம்ப்யூட்டரும் சரி. முடிவு இன்னும் வரவில்லை. தேறி வேலை கிடைத்தால் பெங்களூரு. தனி ரூம், தனிச் சமையல்... அதை நினைத்தால்தான் பயம்.

மறுநாள் அதில் எனக்கென்று ஒரு அக்கவுண்ட் திறந்து கொடுத்தாள். இதை அதில்தான் தட்டுகிறேன். என்ன வேகம் தெரியுமா!

“எழுது, படி, படம் பாரு. ஆனா எதையும் புதுசாப் போடவோ அழிக்கவோ முடியாது. அதுக்கு என் பாஸ்வேர்டு வேணும்,” என்றாள்.

சுருக்கென்றது. என்மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா என்று கேட்க வாயெடுத்தபோதுதான் உறைத்தது.

இருபத்தோரு வருடமாக அவளுக்கு நான் கொடுத்திருப்பதும் இதே அக்கவுண்டைத்தான்.