ரோஜா மணத்த வான்கோழி

பால் பவுடர் தொழிற்சாலையின் கேன்டீனில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். மூக்கு பெரிது என்பதால் அல்ல. பால் அடிப்பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே கொல்லைப்புறத்திலிருந்து, “யாருப்பா அது, அடுப்பைக் குறைங்க!” என்று குரல் கொடுப்பாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பால் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருக்கும்.

பாத்திரம் கழுவ வந்தவள் அவள். பிறகு வெங்காயம் உரிக்க விட்டார்கள், அப்புறம் சூப்பு கிளற விட்டார்கள். அதற்கு மேல் சமையல் மாஸ்டர் விடவில்லை. குளிரறைச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவார் மனிதர். ஒரு முட்டை வேண்டுமென்றாலும் அவர் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அவ்வளவு கெடுபிடி பண்ணினவர் தொழிற்சாலையின் வருடாந்தர விருந்துக்குப் போன ஆண்டு சுட்ட வான்கோழி இருக்கிறதே, அதைக் கடித்தவர்களுக்குத் தாடை வலித்ததுதான் மிச்சம். காய்ந்து சக்கையாகிக் கிடந்தது. வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போனதும் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

“இந்தத் தடவை விருந்தை நீங்களே பாத்துக்குங்கம்மா. நல்லா வந்துச்சுன்னா மாஸ்டர் இடம் உங்களுக்குத்தான். இல்லேன்னா நான் வெளியிலேருந்து ஆள் எடுக்க வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டுக் குளிரறைச் சாவியை நீட்டினார். “விருந்து முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுங்க.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வான்கோழியை எப்படிச் செய்வது என்று அவள் மனசுக்குள் எத்தனையோ முறை செய்து பார்த்தாயிற்று. உப்பும் சர்க்கரையும் மிளகும் பூண்டும் போட்ட தண்ணீரை நன்றாகக் குளிரவைத்து, அதில் பறவையை முழுசாக ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். அப்படி ஊறினால் எவ்வளவு சுட்டாலும் சாறு வற்றாது. வீட்டில் ஒரு கோழியை வைத்துப் பார்த்தபோது அவள் புருஷன் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆனால் கோழி வேறு, வான்கோழி வேறு. அது மூழ்குகிற அளவுக்குக் கேன்டீனில் இருந்தது அலுமினிய அண்டா மட்டும்தான். உப்புத் தண்ணீர் அதில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் இறைச்சியில் உலோக வாடை ஏறிவிடும். பாத்திரம் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டிகள் இருந்தன. அவற்றில் சோப்பு ஊறாத இடம் கிடையாது. அதனால் தொட்டிக்குள் பெரிய பையை விரித்து, பைக்குள் வான்கோழியை இறக்கித் தண்ணீர் ஊற்றலாம் என்று முடிவு செய்தாள். பையை வாங்கிவரும் வேலையைப் புருஷனிடம் விட்டாள். அங்கேதான் வந்தது வினை.

புருஷனுக்கு அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. ரேடியோ என்று அவனைச் சொல்வார்கள். வாயை மூடினால் ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தம். விருந்துக்கு முந்தின நாள் மத்தியானம், கறுப்புப் பைச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“கடையிலேயே இதுதான் பெரிசு. இழுத்துப் பாரு, கிழியவே கிழியாது. உனக்குன்னு அலைஞ்சு தேடிப்பிடிச்சேனாக்கும்!”

அன்றைக்கென்று அவளுக்கு ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டு கிடந்தது. பையை விரித்தாள், ஆறு வான்கோழிகளில் முதலாவதை இறக்கினாள், குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஊற்றிக் கட்டினாள். அடுத்ததற்கு மிளகுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் குனிந்து கிளறினாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. பலமாக இரண்டு தும்மல். மூக்கு திறந்துகொண்டது.

திறந்த மூக்கில் முதலில் ஏறியது ரோஜா வாசனை.

கேன்டீனில் ஏது ரோஜா? மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தவள் நேராகத் தொட்டியில் வந்து முட்டிக்கொண்டாள். பையைப் பிரித்துப் பார்த்தாள். வான்கோழி கல்யாண மாப்பிள்ளை போல கமகமத்தது.

“ஐயோ! குப்பைத் தொட்டிக்குப் போடற பையையாங்க வாங்கிட்டு வந்தீங்க?”

“அதனால என்ன? புதுப்பைதானே? வாசனை வேற போட்டிருக்கான், நல்லதுதானே?”

“அந்த வாசனை மருந்தெல்லாம் கறியில இறங்கிடுச்சு! இதை மனுஷன் வாயில வைக்க முடியுமா?”

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்று போனது போனதுதான், கழுவினாலும் தேறாது. மீதி ஐந்தையாவது இப்போதே ஊறப்போடாவிட்டால் நாளைக்கு மறுபடியும் சக்கைதான், மறுபடியும் சிரிப்புதான். வெளியிலிருந்து ஒருவன் வருவான், அவன் இடுப்பில் சாவி தொங்கும், இவள் வெங்காயம் உரிக்கப் போவாள்.

“சாப்பாட்டுச் சாமானைப் போடறதுக்குன்னே செஞ்ச பை வேணுங்க. வாசனையில்லாம, சாயமில்லாம, வெள்ளையா, பெரிசா. இப்ப நான் எங்க போவேன்?”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். புருஷனின் சட்டை முழுக்கப் பால் பவுடர். அதையே பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, பவுடரை மூட்டையில அப்படியேவா கொட்டுவீங்க?”

“சேச்சே, உள்ளே ஒரு பை போட்டு…” அவன் நிறுத்தினான். வாய் திறந்தபடியே நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கில் கையால் விரித்துப் போடுகிற பை! குழந்தைகள் குடிக்கிற பாலுக்காகவே செய்த பை! அதை விட்டுவிட்டு ஊரெல்லாம் அலைந்து குப்பைப் பை வாங்கிவந்த புத்திசாலியை என்னவென்று சொல்வது?

“அட என் மண்டையே!” என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

பேக்கிங் அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். “உள்பையா? எதுக்கு?”

“வான்கோழிக்கு சார்!”

“வான்கோழியைப் பவுடராக்கப் போறீங்களா?”

மூச்சுவாங்க அவள் விஷயத்தைச் சொல்ல, மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். போன வருஷம் தாடை வலித்தவர்களில் அவரும் ஒருவர். பிரிக்காத கட்டு ஒன்றை எடுத்து அவரே கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே அவள் வேகத்தை! பைக்குள் பை போட்டாள், கசியாமலிருக்க. வான்கோழியை இறக்கினாள், குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஊற்றினாள். வாயை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிறைந்த இன்னொரு தொட்டியில் மொத்தப் பையையும் மெல்ல அமிழ்த்தினாள். வெளித் தண்ணீர் அழுத்த அழுத்த உள்ளிருந்த காற்றெல்லாம் புஸ்ஸென்று போய், பை பறவையின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பாதித் தண்ணீரே போதுமாயிருந்தது. “கட்டுங்க, இறுக்கி!” என்றாள். மூட்டை கட்டியே பழகிய கை, ஒரே முறுக்கில் கட்டினான் ரேடியோ. ஐந்தும் குளிரறைத் தட்டில் இடம் பார்த்து நெளிந்து படுத்துக்கொண்டன. அவளே பூட்டினாள்.

மறுநாள் கேன்டீனில் உட்கார இடமில்லை. முதல் துண்டை வெட்டியதும் கத்தியின் ஓரமாகச் சாறு வழிந்தது. அதைப் பார்த்தபோதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தை ஆறாகப் பங்கிட வேண்டியிருந்ததால் துண்டுகள் சிறிதாகத்தான் விழுந்தன. யாரும் அதைக் கேட்கவில்லை. சத்தமாக இருந்த மேசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. ரேடியோகூடப் பேசவில்லை. தட்டை வழித்துவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றான்.

கூட்டம் குறைந்ததும் அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேனேஜரின் மேசைக்குப் போனாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினாள்.

“இந்தாங்க சார், சாவி.”

மேனேஜருக்கு வாய் நிறைய வான்கோழி. பேச முடியவில்லை. தலையை வேகமாக ஆட்டிவிட்டு, எலும்பைப் பிடித்திருந்த கையாலேயே அவள் விரல்களைச் சாவியின்மேல் மூடிவிட்டார்.

சாவியெல்லாம் கறிக்கொழுப்பின் பிசுக்கு. அதைத் துடைக்காமலே அவள் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.