வகுப்பு முடியட்டும்

முத்தம்மாள் நர்சிங் படிக்கச் சேர்ந்தது 2007-இல். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, மகள் சுவேதாவுக்கு நாலு. வீடு கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில். படிப்பு சிதம்பரத்தில், ஒரு தனியார் நர்சிங் பள்ளியில். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. விடியற்காலை பஸ்ஸில் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் போவாள்.

கணவன் பாண்டியன் விசைப்படகில் போனால் கரை திரும்ப நாலைந்து நாளாகும். அவனுடைய அக்கா சௌந்தரம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். சுவேதாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள். பிந்திப் போனதால் நல்ல இடத்தை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதை ஒரு நாளும் அவள் சொல்லிக் காட்டியதில்லை.

உலை கொதிக்கும்போது முத்தம்மாள் படித்தாள். மகளைக் குளிப்பாட்டும்போது உடம்பைத் தொட்டுத் தொட்டு எலும்புகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வார்டில் அவள் வேலையைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் பஸ் கொஞ்சம் தாமதமானாலும் போதும், பிரின்சிபால் அம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "குடும்பம் நடத்த வந்தியா, படிக்க வந்தியா?"

இரண்டாம் வருடம் அந்தப் பள்ளியில் ஒரு சிறப்பு வகுப்பு வைத்தார்கள். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி, நேரத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று பேசச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மாணவிகளின் செல்போன்களை வாங்கி ஆபீஸில் பூட்டிவிட்டார்கள். வந்தவர் போர்டில் பெரிய வட்டம் ஒன்று போட்டு ஒரு நாளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். தூக்கத்துக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, தியானத்துக்கு, நடைப்பயிற்சிக்கு, பாட்டு கேட்க.

முத்தம்மாள் எழுந்து நின்றாள். "சார், இதுல கொழந்தைக்கு எங்க சார் எடம்?"

"பிளான் பண்ணா எல்லாத்துக்கும் எடம் வரும்மா. மொதல்ல சிரிச்ச மொகமா இருக்கப் பழகு" என்றார் அவர். வகுப்பே சிரித்தது.

அதே வேளையில் குப்பத்துப் பள்ளியில் சுவேதா சறுக்குமரத்திலிருந்து விழுந்து, கை ஒடிந்து அழுதுகொண்டிருந்தாள். தலைமையாசிரியர் தேவசகாயம் நர்சிங் பள்ளிக்குப் போன் செய்தார். எடுத்த கிளார்க் சிங்காரம் ஓடிப்போய்ப் பிரின்சிபாலிடம் சொன்னார்.

"கெஸ்ட் பேசிக்கிட்டிருக்காரு. நடுவுல ஒருத்திய எழுப்பி அனுப்புனா என்ன நெனைப்பாரு? வகுப்பு முடியட்டும்."

மறுபடியும் போன் வந்தது. மறுபடியும் அதே பதில்தான்.

வகுப்பு சாயங்காலம் முடிந்தது. அதற்கு மேல் பொன்னாடை, நன்றியுரை, டீ. எல்லாம் ஆன பிறகுதான் சிங்காரம் அவளை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சுவேதா மாவுக்கட்டோடு தூங்கிப்போயிருந்தாள். தாய் வந்துவிடுவாள் என்று வெகுநேரம் காத்திருந்து பார்த்த தேவசகாயம், கடைசியில் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பிச் சௌந்தரத்தை வரவழைத்திருந்தார்.

"ஒன்னத்தான் கேட்டுக்கினே இருந்தா முத்து" என்றாள் சௌந்தரம். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது முத்தம்மாளுக்கு.

மறுநாள் நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

"வார்டுக்கு அடிபட்ட கொழந்த வந்தா, மொதல்ல அம்மாவக் கூப்புடுன்னு நீங்கதான மேடம் சொல்லித் தர்றீங்க? எம்புள்ளைக்கு மட்டும் அது கெடையாதா?"

"கைதான? உசுருக்கு ஒண்ணும் இல்லையே. எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நேத்து கிளாஸ்ல என்னதான் கத்துக்கிட்ட?"

"கத்துக்கிட்டேன் மேடம். நீங்க பண்ற தப்புக்கெல்லாம் எங்க டென்ஷன்னு பேரு வச்சிரலாம்னு கத்துக்கிட்டேன்."

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே வரலாம் என்று அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் எழுதவில்லை. பாண்டியன் கடலிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டான். "எழுதாத. படிப்பு போனாலும் போவட்டும்" என்றான். "படிப்பு ஏன் மாமா போவணும்? அவுங்க தப்புக்கு நான் ஏன் வுடணும்?" என்றாள் அவள்.

இரண்டு முறை போன் வந்ததையும், தான் போய்ச் சொன்னதையும் சிங்காரம் நிர்வாகத்திடம் மறைக்காமல் சொன்னார். வேறு வழியில்லாமல் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வெளியே நின்ற நாட்களின் வார்டு டூட்டியை விடுமுறையில் வந்து செய்யச் சொன்னார்கள். செய்தாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

படிப்பை முடித்துக் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். 2012-இல் ஒரு கல்யாணத்துக்காகச் சௌந்தரத்தோடு சிதம்பரம் போனாள். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு பிளெக்ஸ். அதில் வெள்ளை யூனிபார்மில் அவள் முகம். கீழே, "குடும்பம், குழந்தை, படிப்பு: நேரத்தைத் திட்டமிட்டு வென்ற எங்கள் மாணவி! அட்மிஷன் நடைபெறுகிறது."

அங்கிருந்தே நர்சிங் பள்ளிக்குப் போன் செய்தாள். "பெருமைதானம்மா? பத்துப் பேருக்கு முன்மாதிரி" என்றார் அதே பிரின்சிபால்.

"நான் பிளான் பண்ணி ஜெயிக்கல மேடம். எங்க அண்ணி வியாபாரத்த வுட்டுட்டு எம்புள்ளையப் பாத்துக்கினாங்க. அவுங்க படத்தப் போடுங்க. இல்லன்னா என் படத்த எடுங்க."

எடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஒரு மாதம் ஆகியும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் முத்தம்மாளும் சௌந்தரமும் மறுபடி சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். சௌந்தரத்தின் பையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கட்டியிருந்த கயிறுகளை அறுத்து பிளெக்ஸைக் கீழே இறக்கினார்கள்.

"யாரும்மா நீங்க? யாரு எடுக்கச் சொன்னா?" என்று ஒருவர் வந்து அதட்டினார்.

"இது என் மூஞ்சி" என்றாள் முத்தம்மாள். "நல்லாப் பாத்துக்குங்க."

அவர் படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். விலகி வழிவிட்டார். இருவரும் பிளெக்ஸைச் சுருட்டி ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸைத் தேடிப் போனார்கள்.