பின்சீற்றைப் பார்த்து வாங்கிய பைக்

தவம் என்று நாங்கள் கூப்பிடுகிற தவராசா போய்விட்டான் என்ற செய்தி எனக்குத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் வந்தது. சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். போர்மன் வந்து தோளில் கை வைத்தார். அந்த மனிதர் ஒருநாளும் யாருடைய தோளிலும் கை வைத்ததில்லை. வேலைக்கு வருவதற்காக பஸ் தரிப்பில் நின்ற தவராசா பனிக்குள் விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே மூச்சு நின்றுவிட்டதாம். மாரடைப்பு என்றார்கள். முப்பத்துமூன்று வயதில் என்ன மாரடைப்பு? அன்று கேட்டதை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வோபர்ன் அப்பார்ட்மென்ரில் அவனோடு ஒன்றாக இருந்தவன் என்பதால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். அமைதியானவன், அதிர்ந்து பேசாதவன் என்றெல்லாம் எழுத என்னால் ஏலாது. என்னோடு சண்டை பிடிக்காமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அந்தச் சண்டைகளில் பெரியது பைக் சண்டை. கனடாவில், அதுவும் வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊரில், கார் வாங்காமல் பைக் வாங்கினவன் என்று உங்களில் பலர் அவனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். அது எதற்காக என்பதை இந்த மலரிலாவது சொல்லிவிட வேண்டும்.

எண்பத்துமூன்றில் நாட்டை விட்டு ஓடி வந்தபோது அவனுக்குக் கலியாணம் நடந்து ஒரு மாதமும் ஆகவில்லை. புவனாவை விட்டுவிட்டுத்தான் வந்தான். வருவதற்கு முன் ஒரேயொரு தரம், சிநேகிதன் ஒருவனின் ஐம்பது சிசி மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு பேரின் பாரம் தாங்காமல் அது பாதி வழியில் நின்றுவிட்டது. இருவருமாகத் தள்ளிக்கொண்டு வீடு வந்தார்களாம். "அங்க போனவுடன பெரிசா ஒண்டு வாங்குவன், உம்மை ஏத்திக்கொண்டு மூச்சு வாங்காமல் ஓடும்" என்று அவளுக்குச் சொல்லியிருந்தான். எண்பத்தேழாம் ஆண்டு கோடையில், அவளை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் போட்ட கையோடு பைக் தேடத் தொடங்கினான்.

பழைய பைக் பார்ப்பதில் அவனுக்கு ஒரு முறை இருந்தது. விற்கிறவனோடு கதைக்க முதல் இஞ்சினைத் தொட்டுப் பார்ப்பான். சுட்டால் திரும்பி நடப்பான். "முந்தியே சூடாக்கி வைச்சிருக்கிறான் எண்டால் எதையோ மறைக்கிறான் மச்சான். குளிர்ந்த இஞ்சினை எங்களுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிக் காட்டோணும்" என்பான். அதுவரை சரி. எவனும் ஒத்துக்கொள்வான். அதற்குப் பிறகு நடந்ததுதான் உலகத்தில் வேறெவனும் செய்யாதது. பையிலிருந்து ஒரு பெட்ஷீற்றை எடுத்து என் இடுப்பில் சேலைபோலச் சுற்றுவான். பின்சீற்றில் பக்கவாட்டில் ஏறி இருக்கச் சொல்வான்.

ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் நான் அப்படி இருந்தேன். அறுநூற்றைம்பது சிசி, கறுப்பு நிறம், தட்டையான அகலமான சீற். அந்த மனிதரின் மனைவி கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, என்னைக் கண்டு, திரும்ப உள்ளே போய்ப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"டேய், மானம் போகுதடா," என்றேன்.

"சும்மா இரு. எப்பன் பின்னுக்குத் தள்ளி இரு. முன்னுக்கு வழுக்குதே?"

"வழுக்கேல்லை. புவனா காற்சட்டை போட்டு, ரெண்டு பக்கமும் காலைப் போட்டு இருக்கட்டுமன். இஞ்ச எல்லாப் பொம்பிளையளும் அப்பிடித்தானே இருக்கினம்?"

"அது அவள் வந்து யோசிக்கிற விஷயம். நான் முந்திக்கொண்டு முடிவெடுக்கிறதே? அவளுக்கு எப்பிடி விருப்பமோ அப்பிடி இருக்கட்டும். ரெண்டுக்கும் சரிவாற சீற்தான் எனக்கு வேணும்."

பெட்ஷீற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். அந்த பைக்கையே வாங்கினான். "பின்னால இருக்கிறவளுக்குப் பயம் வராட்டில் அதுதான் நல்ல பைக்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். எங்கிருந்துதான் அவனுக்கு இந்தக் கதையெல்லாம் வந்ததோ.

பிறகு தொழிற்சாலையில் இடைவேளை நேரத்தில் ஓர் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, சேலை கட்டினவள் இரண்டு காலையும் சேர்த்து வைக்க இடப்பக்கத்தில் பொருத்தினான். என்னை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் விட்டான். ஒரு கடையடியில் நிறுத்தி, "இறங்கு, புவனா" என்றான். நான் காலைக் கீழே வைத்தேன். ஒரு லொறி என் முழங்காலை உரசுமாப்போல ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஊரில் இடப்பக்கம்தான் தெருவோரம். இங்கே வாகனமெல்லாம் மற்றப் பக்கத்தால் ஓடுகிறது. இடப்பக்கம் இறங்கினால் நடுத்தெரு. வந்து நாலு வருடமாகியும், பெண்ணைப் பின்னால் ஏற்றுகிற விஷயத்தில் மட்டும் எங்கள் இரண்டு பேரின் புத்தியும் இன்னும் ஊரில்தான் நின்றது. "உன்ரை பெண்சாதியை நடுறோட்டில இறக்கிக் கொல்லப் பாத்தியேடா" என்று கத்தினேன். அவனோ தெருவோரத்தில் குந்தியிருந்து, கண்ணீர் வரச் சிரித்தான்.

அடுத்த நாளே தகட்டைக் கழற்றி வலப்பக்கம் பொருத்தினான். கால் பட்டுவிடக்கூடாதென்று அந்தப் பக்கச் சைலன்சருக்கு மேல் ஒரு மறைப்பும் வைத்தான். புவனா அப்போது கொழும்பில் தமையன் வீட்டில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவளுக்குப் போன் எடுத்து, வலப்பக்கம் காலைப் போட்டு இருந்து பழகச் சொன்னான். "அதெல்லாம் எனக்கு ஏலாது, தலை சுத்தும்" என்று அவள் ஏசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "முதல் ஓட்டம் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு. வலப்பக்கம் இருந்தால்தான் ஏத்துவன்" என்றான் இவன். அந்தக் கோடையும் முடிந்தது. பைக்கை அப்பார்ட்மென்ரின் நிலக்கீழ் பார்க்கிங்கில் மூடிக் கட்டிவிட்டு, பனிக்காலம் முழுவதும் பஸ்ஸில் வேலைக்குப் போனான். கடைசியில் அந்த பஸ் தரிப்பில்தான் விழுந்தான்.

விசா கையில் கிடைக்கிற நேரத்தில்தான் அவன் போனான். ஸ்பொன்சர் செய்தவன் இல்லையென்றால் விசாவும் இல்லையாம். அலுவலகத்தில் அதைச் சொன்ன பெண்ணோடு சண்டை பிடித்தேன். அவள் என்ன செய்வாள், பாவம். செத்தவீட்டுக்கு வரவும் புவனாவால் முடியவில்லை. பெட்டியை மூட முதல் அவன் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அவள் தொட வேண்டிய கை அது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

போன கிழமை புவனாவோடு கதைத்தேன். ஆறுதல் சொல்ல எடுத்தவன் நான், கதைத்தவள் அவள்.

"அண்ணை, அந்த மோட்டச்சைக்கிளை வித்துப்போட்டியளே?"

"இல்லைப் பிள்ளை. கிடக்குது."

பிறகு சொன்னாள்:

"நான் வலப்பக்கம் இருந்து பழகிட்டன் அண்ணை. பின்னேரத்தில என்ரை அண்ணன்ரை சைக்கிளில பின்னால இருந்து இருந்து பழகினனான். இப்ப தலை சுத்திறேல்லை. அவரிட்டச் சொல்லேல்லை. வந்திறங்கி, ஏறி இருந்து காட்டுவம் எண்டு வைச்சிருந்தனான்."

தவம், உனக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் இங்கே எழுதுகிறேன். அவள் பழகிவிட்டாளடா. பைக் என்னிடம் இருக்கிறது, விற்கமாட்டேன். பனி விட்டதும் அதில் றிச்மண்ட் ஹில்லுக்குப் போவேன். பின்சீற்றில் ஒருவரையும் ஏற்றமாட்டேன். வலப்பக்கத் தகடு அப்படியே இருக்கும்.